இயன் ஸ்டீலின் கட்டுரைகளும் மேற்கோள் கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவக் கல்லூரி நூலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எமர்ஜென்சி மெடிசின் (அவசர மருத்துவம்) படிக்கும் பிஜி, அதாவது முதுநிலை மாணவர்கள் வந்து உட்கார்ந்தால் பேச்சு சுற்றிச் சுற்றி எச்-இண்டெக்ஸ், இம்பாக்ட் ஃபேக்டர், எத்தனை மேற்கோள் (ஒரு கட்டுரையை மற்ற கட்டுரைகள் எத்தனை முறை எடுத்துக் காட்டின) என்றுதான் போகிறது. அந்தக் கட்டுரைகளுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. அதனால் ஒரே ஒரு ஆய்வாளரின் பட்டியலை எடுத்துக்கொண்டு, அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

யார் இந்த இயன் ஸ்டீல்? ஏன் அவர்?

கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் அவசர மருத்துவப் பேராசிரியர். ஒட்டாவா மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே ஆய்வு செய்தவர். அவர் பெயர் தெரியாதவர்களும் அவர் உருவாக்கிய விதிகளை தினமும் கையாளுகிறார்கள்: கணுக்கால் அடிக்கு ஒட்டாவா விதி, தலையில் அடிபட்டவருக்கு சி.டி. எடுக்கலாமா என்று சொல்லும் கனடிய விதி, கழுத்தில் அடிபட்டவருக்கு எலும்பைப் படம் எடுக்க வேண்டுமா என்று சொல்லும் இன்னொரு கனடிய விதி. ஒரு ஆய்வாளரின் தாக்கத்தை எண்ணில் எவ்வளவு தூரம் பிடிக்கலாம், எந்த இடத்தில் எண் நின்றுவிடுகிறது என்று காட்ட இவர் பட்டியலை விடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

கணுக்கால் விதி என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கால் பிசகி, வீங்கிப்போய், நொண்டிக்கொண்டு ஒருவர் எமர்ஜென்சிக்கு வருகிறார். பழைய வழக்கப்படி நேரே எக்ஸ்-ரேதான். வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எலும்பு முறிந்திருக்காது, வெறும் சுளுக்குதான், ஆனாலும் எல்லாருக்கும் படம் எடுப்பார்கள்.

ஸ்டீல் குழு சொன்னது இதுதான். கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும் எலும்பு முண்டு இருக்கிறதல்லவா, அதன் பின்விளிம்பில் கீழிருந்து 6 செ.மீ. வரைக்கும், அப்புறம் அதன் நுனியிலும் விரலால் அழுத்திப் பாருங்கள். எலும்பின் மேலேயே வலிக்கிறதா? அடிபட்ட உடனேயும் சரி, இப்போது மருத்துவமனையிலும் சரி, நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லையா? இதில் ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். எதுவுமே இல்லையென்றால் தேவையில்லை. நடுப்பாதத்தில் வலி என்றாலும் இதே முறைதான், அழுத்திப் பார்க்கும் இடங்கள் மட்டும் மாறும்: சுண்டுவிரலுக்கு நேராக வெளிப்பக்கம் இருக்கும் எலும்பின் அடிப்பகுதி ஒன்று, உள்பக்கம் படகு போல இருக்கும் எலும்பு இன்னொன்று.

நொண்டி நடந்தாலும் அது நடைதான், நான்கு அடி வைத்துவிட்டால் போதும். முதன்முறை செய்து பார்க்கும் மாணவர்கள் பலர் தவறவிடுவது இதைத்தான். வீக்கத்தைப் பார்த்து பயந்து வீங்கிய சதையை அழுத்துகிறார்கள், அவர்கள் விரல் தேட வேண்டியது எலும்பை.

ஒரே கணுக்காலுக்கு எதற்கு நான்கைந்து கட்டுரை? எண்ணிக்கையைக் கூட்டத்தானே?

அடிக்கடி வரும் கேள்வி இது, கோபமாகக்கூடக் கேட்டிருக்கிறார்கள். ஒரே ஆய்வைத் துண்டு துண்டாக வெட்டி ஐந்து கட்டுரையாகப் போடுபவர்கள் இருக்கிறார்கள், அது உண்மை. ஆனால் ஸ்டீலின் வரிசையை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் அது வேறு விஷயம் என்று புரியும்.

முதல் கட்டுரை 1992இல் அனல்ஸ் ஆஃப் எமர்ஜென்சி மெடிசின் இதழில் வந்தது. இரண்டு மருத்துவமனைகள், ஐந்து மாதம், 750 நோயாளிகள், 21 மருத்துவர்கள். ஒவ்வொரு நோயாளியிடமும் 32 அறிகுறிகளைக் குறித்துக்கொண்டு, அதில் எவை முறிவைக் காட்டிக்கொடுக்கின்றன என்று தேடினார்கள். கணுக்காலில் கவனிக்க வேண்டிய முறிவுகள் 70, அந்த 70ஐயும் அவர்கள் தேர்ந்தெடுத்த சில அறிகுறிகள் பிடித்துவிட்டன. அப்போது விதியில் "வயது 55 அல்லது அதற்கு மேல்" என்றும் ஒரு நிபந்தனை இருந்தது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். பெரும்பாலானவர்கள் நிறுத்துகிற இடமும் இதுதான். ஒரு கூட்டத்திலிருந்து எடுத்த விதி அந்தக் கூட்டத்துக்குப் பொருந்தத்தான் செய்யும், புதிய ஆட்களிடம் பொருந்துமா என்பதுதான் கேள்வி. 1993இல் ஜாமாவில் (அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ்) வந்த இரண்டாவது கட்டுரைக்காகப் புதிய நோயாளிகளிடம், முதலில் 1032 பேர், பிறகு 453 பேர் என்று சோதித்தார்கள். விதியைச் செதுக்கினார்கள், அந்த வயது நிபந்தனை போய்விட்டது. மூன்றாவது 1994இல், அதுவும் ஜாமாவில்: விதியை ஒரு மருத்துவமனையில் நடைமுறைக்குக் கொண்டுவந்து, விதி இல்லாத இன்னொரு மருத்துவமனையோடு ஒப்பிட்டார்கள். விதி வந்த இடத்தில் கணுக்கால் எக்ஸ்-ரே 28% குறைந்தது, மற்ற இடத்தில் குறையவில்லை. முறிவு இல்லாமல், எக்ஸ்-ரேயும் எடுக்காமல் வீட்டுக்குப் போனவர்கள் மருத்துவமனையில் இருந்த நேரம் சராசரியாக 80 நிமிடம், எக்ஸ்-ரே எடுத்தவர்களுக்கு 116 நிமிடம்.

ஆக, கண்டுபிடித்தது ஒரு கட்டுரை, புது ஆட்களிடம் சரிபார்த்தது ஒரு கட்டுரை, நடைமுறையில் பலன் தருகிறதா என்று பார்த்தது ஒரு கட்டுரை. மூன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில். துண்டு போட்டதா, படிப்படியாக ஏறியதா என்று தெரிய எண்ணிக்கை உதவாது, ஒவ்வொன்றும் என்ன கேள்வி கேட்கிறது என்று படித்துத்தான் ஆக வேண்டும்.

பிற்பாடு மற்ற நாடுகளில் மற்றவர்கள் சோதித்ததையெல்லாம் சேர்த்து 2003இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. 27 ஆய்வுகள், 15,581 நோயாளிகள். விதி "முறிவு இல்லை" என்று சொன்னவர்களில் உண்மையில் முறிவு இருந்தவர்கள் 2%க்கும் குறைவு. ஒரு மேற்கோளுக்கு உண்மையான மதிப்பு என்று நான் நினைப்பது இதைத்தான்: யாரோ ஒருவர் தன் ஊரில், தன் நோயாளிகளிடம் செய்து பார்த்து, பிறகு உங்கள் பெயரை எழுதுவது.

மேற்கோள் எண்ணிக்கையை எங்கே பார்ப்பது? ஒவ்வொரு இடத்திலும் ஒரு எண் வருகிறதே?

வரும், வரத்தான் செய்யும். கூகுள் ஸ்காலர் எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும், ஆய்வேடு, மாநாட்டுச் சுருக்கம், இணையத்தில் கிடக்கும் பிடிஎஃப் வரைக்கும். அதனால் அங்கே எண் பெரிதாக இருக்கும். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற இரண்டு தகவல் தளங்களும் தாங்கள் தேர்ந்தெடுத்த இதழ்களில் வரும் மேற்கோள்களைத்தான் முக்கியமாக எண்ணும். அதனால் ஸ்காலரில் ஒருவருடைய எண்ணையும் ஸ்கோபஸில் இன்னொருவருடைய எண்ணையும் எடுத்து ஒப்பிடாதீர்கள். விண்ணப்பத்தில் எண் போடுகிறீர்கள் என்றால் எங்கிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

எச்-இண்டெக்ஸை எப்படிக் கணக்கிடுவது?

2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தது. கட்டுரைகளை மேற்கோள் அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக அடுக்குங்கள். எத்தனையாவது கட்டுரை வரைக்கும் அதன் வரிசை எண்ணுக்குக் குறையாமல் மேற்கோள் இருக்கிறதோ, அதுதான் எச். ஒருவருக்கு 50, 18, 6, 4, 3 என்று இருக்கிறது என்று வையுங்கள். நான்காவது கட்டுரைக்கு 4 இருக்கிறது, ஐந்தாவதுக்கு 5 இல்லை, அதனால் எச் 4. இன்னொருவருக்கு ஐந்து கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் 5. அவருக்கு எச் 5. முதலாமவரின் மொத்தம் 81, இரண்டாமவருக்கு 25, ஆனாலும் எண் இரண்டாமவருக்குத்தான் கூடுதல். ஒரே ஒரு பெரிய வேலை செய்தவரை இந்த எண் கண்டுகொள்ளாது. தவிர, வருடம் ஆக ஆக இது ஏறும், இறங்கவே இறங்காது. முப்பது வருடம் எழுதிய ஸ்டீலோடு மூன்று வருடம் எழுதிய பிஜியை இதை வைத்து ஒப்பிடுவது அநியாயம்.

இம்பாக்ட் ஃபேக்டர் அதிகமுள்ள இதழில் வந்தால் போதாதா?

அது இதழுக்கான எண், கட்டுரைக்கானது இல்லை. முந்தைய இரண்டு ஆண்டுகளில் இதழில் வந்தவற்றுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. மேற்கோள் அட்டவணைகளை உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்டின் யோசனையிலிருந்து வந்தது, நூலகத்துக்காரர்கள் எந்த இதழை வாங்குவது என்று பார்க்க ரொம்ப உதவியது. எனக்கும் இன்றைக்கும் உதவுகிறது. ஆனால் ஒரு இதழில் சில கட்டுரைகள் மேற்கோள்களை அள்ளும், மீதி சும்மா கிடக்கும். சராசரியை வைத்து ஒரு தனி கட்டுரையை எடை போட முடியாது. 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய ஆராய்ச்சியாளர்களும் இதழாசிரியர்களும் ஒரு பிரகடனமே எழுதினார்கள், தனி ஆய்வாளரை மதிப்பிட இதழின் எண்ணைப் பயன்படுத்தாதீர்கள் என்று.

கணுக்கால் விதியின் முதல் கட்டுரை வந்தது ஒரு துறை இதழில்தான், லான்செட், நியூ இங்கிலாந்து ஜர்னல் போன்ற பெரிய பொது மருத்துவ இதழ்களில் இல்லை. முப்பது வருடத்துக்கு மேலாகியும் அதை எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அவசர மருத்துவ ஆய்வாளர்களுக்கு மேற்கோள் ஏன் இதய, புற்றுநோய்த் துறைக்காரர்களை விடக் குறைவு?

துறை இளசு, எழுதுபவர்களும் குறைவு. அமெரிக்காவிலேயே 1979இல்தான் தனிச் சிறப்புத் துறையாக அங்கீகாரம் கிடைத்தது, இந்தியாவில் 2009. எழுதுபவர்கள் குறைந்தால் மேற்கோள் காட்டுபவர்களும் குறைவுதானே. இன்னொன்று, ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டு வருபவர் கட்டுரை எழுத எப்போது உட்காருவார்? விதியை வாழ்நாள் முழுக்கப் பயன்படுத்துவார், ஒரு வரிகூட அதைப் பற்றி எழுத மாட்டார். அந்தப் பயன்பாடு எந்தக் கணக்கிலும் சேராது.

அதிக மேற்கோள் வாங்கிய கட்டுரை என்றால் அது சொன்னது சரி என்றுதானே அர்த்தம்?

இல்லை. இதற்கு ஸ்டீலை விட்டு இன்னொருவரிடம் போக வேண்டும், அதே துறைதான். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில், ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் இருந்த இமானுவேல் ரிவர்ஸ். 2001இல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் அவர் குழு எழுதிய கட்டுரை, ரத்தத்தில் கிருமித்தொற்று பரவி ஆபத்தான நிலையில் எமர்ஜென்சிக்கு வருபவர்களைப் பற்றியது. முதல் ஆறு மணி நேரத்தில் பெரிய ரத்தக்குழாயில் குழாய் செருகி, அங்கே ஆக்சிஜன் அளவைப் பார்த்துப் பார்த்து, திரவம், மருந்து, தேவைப்பட்டால் ரத்தம் என்று இலக்கு வைத்துச் சிகிச்சை கொடுப்பது அவர்கள் முறை. 263 நோயாளிகள். மருத்துவமனையில் இறந்தவர்கள் வழக்கமான சிகிச்சையில் 46.5%, புது முறையில் 30.5%. உலகமே திரும்பிப் பார்த்தது, மேற்கோள் ஆயிரக்கணக்கில் குவிந்தது, சிகிச்சை வழிகாட்டிகளில் ஏறியது.

அப்புறம் 2014, 2015இல் மூன்று பெரிய ஆய்வுகள் வந்தன. அமெரிக்காவில் 1341 பேர், ஆஸ்திரேலியா நியூசிலாந்தை மையமாகக் கொண்டு 1600 பேர், இங்கிலாந்தில் 1260 பேர். மூன்றிலும் அந்த முறையால் இறப்பு குறையவில்லை.

அந்த மூன்று ஆய்வுகளும் ரிவர்ஸ் கட்டுரையை மேற்கோள் காட்டின. காட்டாமல் எப்படி எழுத முடியும்? கணக்கில் அதுவும் "கூடுதல் மேற்கோள்"தான். ஆமோதிப்பவரையும் மறுப்பவரையும் எண் ஒரே தட்டில் வைக்கிறது.

ஆனால் ரிவர்ஸ் செய்தது வீண் என்று சொல்ல எனக்கு மனம் வராது. 2014இல் வழக்கமான சிகிச்சை என்பதே மாறிப்போயிருந்தது. சீக்கிரம் கண்டுபிடி, சீக்கிரம் ஆன்டிபயாடிக் போடு, சீக்கிரம் திரவம் ஏற்று என்ற அவசரம் எல்லா ஊரிலும் வந்துவிட்டது. அந்த அவசரத்தை உண்டாக்கியதில் 2001 கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு என்று நிறையப் பேர் வாதிடுகிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் கதையில் எதுவுமே தெரியாது.

"பலன் இல்லை" என்று முடிவு வந்த ஆய்வுக்கு மேற்கோள் கிடைக்குமா?

நல்ல கேள்விக்கு நேர்மையான பதில் என்றால் கிடைக்கும். ஸ்டீல் 2004இல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் எழுதியதைப் பாருங்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 17 நகரங்கள். வீட்டிலோ தெருவிலோ இதயம் நின்றவர்களுக்கு ஏற்கெனவே சீக்கிரமாக ஷாக் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. அதற்கு மேல், ஆம்புலன்ஸ்காரர்களுக்கு சுவாசக் குழாய் செருகவும் ரத்தக்குழாயில் மருந்து ஏற்றவும் பயிற்சி கொடுத்தால் இன்னும் அதிகம் பேர் பிழைப்பார்களா? முன்பு 1391 பேர், பின்பு 4247 பேர். உயிரோடு வீடு திரும்பியவர்கள் 5.0%இலிருந்து 5.1%. அவ்வளவுதான்.

எவ்வளவு செலவு, எவ்வளவு பயிற்சி, எத்தனை பேரின் நம்பிக்கை அதில் இருந்திருக்கும். முடிவை மழுப்பாமல் அப்படியே எழுதினார்கள். பக்கத்தில் நிற்பவர் நெஞ்சை அழுத்துவதும் சீக்கிரம் ஷாக் கொடுப்பதும்தான் முக்கியம் என்ற பேச்சுக்கு அது வலு சேர்த்தது. ஒருவர் பட்டியலில் இப்படி ஒன்று இருந்தால் அவர் மேல் எனக்கு மரியாதை கூடும்.

தன் விதியைத் தானே சோதித்துத் தானே "என் விதிதான் சிறந்தது" என்று எழுதினால் நம்பலாமா?

கழுத்து எலும்பு விதியைத்தான் கேட்கிறீர்கள். அதே வேலைக்கு அமெரிக்காவில் உருவான நெக்ஸஸ் விதி 2000இல் 34,069 பேரிடம் சோதித்து வந்தது. ஸ்டீல் குழுவின் விதி 2001இல், 8924 பேர். 2003இல் ஸ்டீல் குழு இரண்டையும் கனடாவில் 8283 பேரிடம் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது: முக்கியமான காயத்தைப் பிடித்தது கனடிய விதி 99.4%, நெக்ஸஸ் 90.7%. விதியை உருவாக்கியவர்களே, தங்கள் மருத்துவமனைகளிலேயே செய்தது என்று அப்போதே விமர்சனம் வந்தது. நியாயமான விமர்சனம்தான். ஆய்வு பெரிது, முறை ஒழுங்கு, அதனால் ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால் வெளியாட்கள் செய்த சோதனையையும் சேர்த்துப் படித்துவிட்டுத்தான் முடிவுக்கு வருவேன்.

சுய மேற்கோள் தப்பா?

தொடர் வேலைக்கு அது இல்லாமல் முடியாது, 1994 கட்டுரை 1992ஐச் சொல்லாமல் எப்படித் தொடங்கும்? சம்பந்தமே இல்லாத இடத்தில் தன் பெயரைச் செருகுவதுதான் தப்பு.

பெயர் குழப்பத்தை எப்படிச் சமாளிப்பது? ஒருவர் கட்டுரை இன்னொருவர் பெயரில் வருகிறதே.

ஒட்டாவாவிலேயே ஒரு அருமையான உதாரணம் இருக்கிறது. தலை, கழுத்து விதிக் கட்டுரைகளில் ஸ்டீலுக்கு அடுத்த பெயர் ஜார்ஜ் வெல்ஸ், புள்ளியியல்காரர். காலிலும் நுரையீரலிலும் ரத்தக்கட்டியை ஊகிக்க எல்லாரும் போடும் "வெல்ஸ் ஸ்கோர்" அவருடையது இல்லை, அது பிலிப் வெல்ஸ், மருத்துவர். அவரும் ஒட்டாவாதான்! முதலெழுத்தைக் கவனிக்காமல் தேடினால் இரண்டு பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

நமக்கு இது இன்னும் பெரிய தலைவலி. இனிஷியல் போட்டு எழுதும் பழக்கம் நமக்கு, குடும்பப் பெயரைக் கேட்கிற படிவம் அவர்களுக்கு. ஒரு கட்டுரையில் அப்பா பெயர் பின்னால் போகும், இன்னொன்றில் அதே அப்பா பெயர் வெறும் எழுத்தாகிவிடும், தகவல் தளம் அதை இரண்டு ஆளாக எண்ணும். என்னிடம் வந்த ஒரு மாணவிக்கு மூன்று கட்டுரை மூன்று பெயரில் கிடந்தது, சேர்த்து வைக்க ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. முதல் கட்டுரை அனுப்பும் முன்பே பெயரை எப்படி எழுதுவது என்று முடிவு செய்து கடைசி வரை மாற்றாதீர்கள். ஆர்க்கிட் எண் என்று ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் இருக்கிறது, 16 இலக்கம், இலவசம், இன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

நீளமான பெயரைச் சுருக்க வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். ஒட்டாவாவில் ஸ்டீலோடு சேர்ந்து வேலை செய்யும் வெங்கடேஷ் திருஞானசம்பந்தமூர்த்தியைத் தேடிப் பாருங்கள். மயங்கி விழுந்தவர்களில் யாருக்கு ஆபத்து என்று சொல்லும் கனடிய மயக்க ஸ்கோர் அவர் தலைமையில் 2016இல் வந்தது, 4030 நோயாளிகள். 2020இல் வேறு 3819 பேரிடம் சரிபார்த்தார்கள். முழுப் பெயரும் முதல் ஆசிரியர் இடத்தில் முழுசாக நிற்கிறது, தேடினால் வேறு யாரோடும் கலக்காது. தேவாரம் தந்தவர் பெயர் ஒரு கனடிய மருத்துவ இதழில் சுருங்காமல் நிற்பதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷம், அதை மறைக்க மாட்டேன்.

ஆசிரியர் வரிசையில் எந்த இடம் முக்கியம்?

மருத்துவத்தில் பொதுவாக முதல் இடம் வேலையைச் செய்தவர், கடைசி இடம் வழிநடத்தியவர். நடு இடம் எல்லாம் ஒன்றில்லை, நூறு பேர் போட்ட வழிகாட்டியில் நடுவில் இருப்பதும் ஆறு பேர் கட்டுரையில் நடுவில் இருப்பதும் வேறு. ஸ்டீல் பட்டியலில் காலப்போக்கைப் பாருங்கள். கணுக்கால், தலை, கழுத்து எல்லாவற்றிலும் அவர் முதல் பெயர். 2013இல் மூளையில் ரத்தக்கசிவைப் பற்றிய ஒட்டாவா விதி ஜாமாவில் வந்தபோது முதல் பெயர் ஜெஃப்ரி பெர்ரி, மயக்க ஸ்கோரில் திருஞானசம்பந்தமூர்த்தி, ஸ்டீல் பட்டியலின் உள்ளே. முன்வரிசையில் அடுத்த தலைமுறை. இதை அளக்க எச்-இண்டெக்ஸில் வழியே இல்லை.

ஒருவர் பட்டியலைக் கொடுத்தால் நீங்கள் முதலில் எதைத் திறப்பீர்கள்?

அதிக மேற்கோள் வாங்கிய ஒன்றைத் திறப்பேன், அதை மட்டும் முழுசாகப் படிப்பேன். அப்புறம் அதை மேற்கோள் காட்டியவர்களில் பத்துப் பேரை எடுத்து, அந்த வரி எங்கே வருகிறது என்று பார்ப்பேன். முன்னுரையில் "இப்படியும் ஒருவர் சொல்லியிருக்கிறார்" என்று போகிறபோக்கில் வருகிறதா, இல்லை ஆய்வு முறைப் பகுதியில் "இந்த விதியை எங்கள் நோயாளிகளிடம் பயன்படுத்தினோம்" என்று வருகிறதா? இரண்டாவது வகை இரண்டு மூன்று இருந்தாலே அந்தப் பட்டியலில் விஷயம் இருக்கிறது. கடைசியாக, அவரே தன் விதியைத் திருத்தியிருக்கிறாரா என்று தேடுவேன், 1992இல் வைத்த வயது நிபந்தனையை 1993இல் ஸ்டீல் எடுத்துவிட்ட மாதிரி.

இதற்கெல்லாம் இரண்டு மணி நேரம் ஆகும். நேரமில்லை என்று சொல்பவர்கள், நூலகத்துக்கு வந்தால் நான் கூட உட்கார்ந்து தேடித் தருகிறேன்.